இணையத்தில் வாங்கிய ஒரு டசன் கார்பன் அம்பு: எட்டு தேறும்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் அம்பு விற்கும் கடையெல்லாம் கிடையாது. அதனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு டசன் வாங்கினேன். 30 அங்குலக் கார்பன் அம்பு, '500 ஸ்பைன்' (அம்பு எவ்வளவு வளையும் என்பதன் அளவு) என்று அச்சிட்டது, 100 கிரெய்ன் (ஏறக்குறைய 6.5 கிராம்) திருகுமுனை, மூன்று பிளாஸ்டிக் இறகு. தபால் செலவோடு 14,500 ரூபாய். விற்றவர் பெயர் வேண்டாம். இந்த விலையில் எதை வாங்கினாலும் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துதான் ஆக வேண்டும்.

நாங்கள் எய்வது, பூட்டிக் கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில். கொழுந்து வாட்டிய இடம் என்பதால் 18 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. வெளியே என்ன மழை அடித்தாலும் உள்ளே காற்று இல்லை. ஆகவே அம்பு சிதறினால் காற்றின்மேல் பழிபோட வழியில்லை. பழி விழுவது பிள்ளைகள் தலையில்தான். 'கையை ஆட்டாதே', 'விடும்போது இழுக்காதே' என்று நாமும் ஆரம்பித்துவிடுவோம்.

அம்புகளுக்கு நம்பர் எழுதிக் கொடுத்ததும் ஒரு பையன் வந்து சொன்னான்: "சேர், நாலாம் நம்பர் எனக்கு மட்டுமில்ல, அக்காவுக்கும் வலப்பக்கந்தான் போகுது." அவன் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஒரே அம்பைத் திரும்பத் திரும்ப எய்து பார்க்க வேண்டும். அது ஓரிடத்திலேயே விழுந்து, மற்ற அம்புகள் வேறிடத்தில் விழுந்தால் குறை அம்பில். ஒரே அம்பே ஊரெல்லாம் சுற்றினால் எய்பவரையும் வில்லையும் பார்க்க வேண்டியதுதான். நாலாம் நம்பர் ஒவ்வொரு முறையும் அதே வலப்பக்கத்தில் போய்க் குத்தியது.

சரி, '500' என்பது உண்மையா? இதைப் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். அம்பை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 1.94 இறாத்தல், அதாவது 880 கிராம் தொங்கவிட வேண்டும். அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர் வளைந்தால் அது 500. நான் இரண்டு மேசைகளுக்கு நடுவே சீனிப் பை ஒன்றை 880 கிராமுக்கு நிறுத்துத் தொங்கவிட்டேன். ஒன்பது அம்புகள் ஏறக்குறைய அந்த அளவில் நின்றன. நாலு, ஏழு, பதினொன்று மூன்றும் 14 மில்லிமீட்டரைத் தாண்டி வளைந்தன. அச்சில் 500, கையில் 550க்கும் மேல். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு நெகிழ்ந்த அம்பு வலப்பக்கம் போகும். இந்த மூன்றும் போனதும் அங்கேதான்.

எடைக்கு ஹட்டனில் தெரிந்த நகைக்கடைக்காரரின் தராசு உதவியது. (பவுன் நிறுக்கும் தட்டில் அம்பைக் கிடத்தியபோது, காப்பு வாங்க வந்த அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!) லேசானது 23.1 கிராம், கனமானது 24.6. வித்தியாசம் 23 கிரெய்ன். அந்தக் கனமானது இரண்டாம் நம்பர். எய்தால் மற்றவற்றுக்குக் கீழேதான் விழும். கண்ணாடித் தகட்டில் உருட்டினால் அதன் முனை தள்ளாடுகிறது. முனையைத் திருகும் அலுமினியத் துண்டைக் கோணலாகச் செருகி, பசையையும் அள்ளி அப்பியிருக்கிறார்கள். சூடாக்கிக் கழற்றலாம் என்று தோன்றும், ஆனால் கார்பனுக்குச் சூடு ஆகாது. ஒதுக்கிவிட்டேன்.

நொக், அதாவது அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுத் துண்டு, அந்த விஷயத்தில் கோபமே வந்தது. நாணில் மாட்டினால் 'டிக்' என்று உட்கார வேண்டும், நாணை விரலால் லேசாகத் தட்டினால் அம்பு விடுபட வேண்டும். இதில் பாதி நாணைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எங்கள் நாணின் நடுவே, அம்பு மாட்டும் இடத்தில் சுற்றியிருக்கும் நூல் தடித்தது என்பதும் உண்மைதான். மெல்லிய நூலால் மறுபடி சுற்றியதும் சரியாகிவிட்டது. மூன்றில் வேறு நிறத்தில் இருக்கும் இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கும்படி எல்லா நொக்கையும் திருப்பவும் வேண்டியிருந்தது. இல்லையென்றால் இறகு வில்லில் உரசும். சந்தேகமென்றால் இறகில் கொஞ்சம் பவுடர் தடவி எய்து பாருங்கள், உரசும் இடத்தில் தடம் விழும்.

இறகுகளைப் பாராட்டத்தான் வேண்டும். பறவை இறகு நம் மழைக்காலத்து ஈரத்தில் படுத்துவிடும், பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அம்புத்தாங்கி இல்லாமல், வில்லின் தட்டிலேயே அம்பை வைத்து எய்பவர்களுக்கு இந்த அம்பு ஒத்துவராது. கடினமான பிளாஸ்டிக் இறகு அந்தத் தட்டில் மோதி அம்பைத் தள்ளிவிடும்.

இன்னொன்று, இதில் சமரசமே இல்லை: ஒவ்வொரு தடவை எய்வதற்கு முன்னும் அம்பை லேசாக வளைத்து, காதருகே பிடித்துக் கேளுங்கள். நொறுநொறு என்று சத்தம் வந்தால் உடைத்துப் போடுங்கள். வெடித்த கார்பன் எய்யும்போது சிதறிக் கையில் ஏறும். திருகுமுனைகளும் குத்தக் குத்தத் தளரும், இடையிடையே இறுக்க வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். பயிற்சிக்கு, பிரித்துப் பார்க்கப் பொறுமை இருந்தால், வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். எட்டையும் வைத்து எய்தபோது, 40 சென்டிமீட்டர் இலக்குத்தாளில் அந்தப் பையனின் அம்புகள் முதன்முறையாக மஞ்சளுக்குள் சேர்ந்தன. நெகிழ்ந்த மூன்றையும் வீசவில்லை. எங்களிடம் பலம் குறைந்த வில் ஒன்று இருக்கிறது, புதிதாகச் சேரும் சின்னவர்கள் எய்வது. அதற்கு அவை பொருந்துகின்றன.