இரு மார்பகங்களும் அகற்றப்பட்டவருக்குச் சிலிக்கான் மார்பகம் எந்த அளவுக்கு உதவும்? மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு மதிப்புரை

மதுரையில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உபகரணங்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய ஒரு சோடி சிலிக்கான் மார்பகங்களையும், அவற்றை உள்ளே வைத்துக்கொள்வதற்கான பை தைத்த பாடிகளையும், பிறகு தபாலில் வரவழைத்த பருத்திநூல் பின்னல் மார்பகங்களையும் கோடையிலும் மழைக்காலத்திலும் அணிந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். இப்பொருள்களைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும் அகற்றப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டவை. இரண்டு பக்கமும் இழந்தவரின் தேவை வேறு. அதிலும் உப்புக்காற்றும் புழுக்கமும் ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கும் எங்கள் கரையில் அது இன்னும் வேறு.

எனக்கு இடப்பக்க மார்பகத்தில்தான் புற்றுநோய்க் கட்டி இருந்தது. என் அம்மாவும் சின்னம்மாவும் இதே நோயால் இறந்தவர்கள் என்பதால் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவில் பிறழ்வு இருப்பதாக முடிவு வந்தது. இப்பிறழ்வு உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்பதையும், ஒரு பக்கம் வந்துவிட்டால் மறுபக்கமும் வரும் வாய்ப்பு மற்ற நோயாளிகளைவிட மிகுதி என்பதையும் அவர் நிதானமாக விளக்கினார். அதன் பிறகே வலப்பக்கத்தையும் எடுத்துவிடச் சம்மதித்தேன். இத்தகைய பிறழ்வு இல்லாதவர் அச்சத்தினால் மட்டும் நல்ல மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என்னிடம் யோசனை கேட்கும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, பரிசோதனை முடிவு கைக்கு வந்துவிட்டதா என்பதைத்தான்.

மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையை ஏன் செய்துகொள்ளவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு நடிகை ஏஞ்சலினா ஜோலி தம் இரு மார்பகங்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றி, மறுசீரமைப்பும் செய்துகொண்டதாக அறிவித்த செய்தி எங்கள் ஊர்வரை வந்திருந்தது. அதனால் எடுப்பதும் திரும்ப அமைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்றே உறவினர்கள் நினைத்தார்கள். அவருக்கு அப்போது புற்றுநோய் இல்லை. எனக்கோ அக்குளில் நிணநீரை வடிகட்டும் சிறு கணுக்களிலும் நோய் பரவியிருந்ததால் கீமோவும் ரேடியேஷன் என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டன. கதிர்வீச்சுப் பட்ட இடத்தில் தோலுக்கடியில் பொருத்தும் சிலிக்கான் உள்பதியம் (இம்ப்ளாண்ட்) வைத்தால், அதைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை இறுகி வலியும் உருக்குலைவும் உண்டாகும் வாய்ப்பு அதிகம். உள்பதியம் ஆயுள் முழுவதற்கும் உரியதுமன்று. பின்னாளில் மாற்ற நேரலாம். வயிற்றின் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பில் பொருத்தும் முறை கதிர்வீச்சுக்குப் பிறகும் நன்றாக அமையும் என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் இரு பக்கமும் செய்வதற்குப் பல மணி நேரம் மயக்கத்தில் இருக்க வேண்டும், நுண்குழாய்களை இணைக்கத் தேர்ந்த மருத்துவர் வேண்டும், வயிற்றிலும் நீண்ட தையல் ஆற வேண்டும். எந்த முறையில் அமைத்தாலும் பழைய தொடு உணர்ச்சி முழுமையாகத் திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். ஆண்டுகள் கழிந்த பிறகும் இதைச் செய்துகொள்ளலாம், கதவு மூடப்படுவதில்லை என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெளிவைத் தந்தது. ஆகவே மார்பைத் தட்டையாகத் தைத்துவிடச் சொல்லிவிட்டு, வெளியே அணியும் மார்பகத்தைத் தேர்ந்தேன். என் மதினி மட்டும், "நீ எப்படி இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை, உனக்கு மூச்சு முட்டாமல் இருந்தால் போதும்" என்றார்.

கடையைப் பற்றி. விற்பனைப் பெண் பொறுமையானவர். தனியறையும் கண்ணாடியும் இருந்தன. தழும்பைப் பார்த்து முகம் சுளிக்காதவர். குறை என்னவென்றால், "முன்னாடி என்ன சைஸ் போட்டீங்க அக்கா?" என்று கேட்டு, அதே அளவைத்தான் எடுத்து வைத்தார். ஒரு மார்பகம் மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு மறுபக்கத்துக்கு ஈடான பருமனும் எடையும் வேண்டும். இல்லாவிட்டால் பாடி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டும் இல்லாதவருக்கு ஈடுசெய்ய எதுவுமில்லை. என் பழைய அளவில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிலோ இருந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு அளவு சிறியதும் எடை குறைந்த வகையுமான சோடியைக் கேட்டு வாங்கினேன். இந்த ஒரு முடிவுதான் பொருளை நான் இன்றுவரை பயன்படுத்துவதற்குக் காரணம். விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தபோதிலும் இதைக் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது.

தோற்றத்தில் குறை சொல்ல இடமில்லை. சேலையின் மாராப்பு பழையபடி விழுகிறது, நடக்கும்போது இயல்பாக அசைகிறது, குனிந்து நிமிர்ந்தாலும் இடம் பெயர்வதில்லை. இராமநாதபுரம் செல்லும் பேருந்தில் நெரிசலில் நிற்கும்போது என் கவனம் என் மார்பின்மேல் இல்லை. அந்த நிம்மதிக்காகவே பணம் தகும்.

வெயில்தான் சோதனை. சித்திரை, வைகாசியில் மண்டபத்தில் கடற்காற்று வீசினாலும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சிலிக்கான் வியர்வையை உறிஞ்சாது. உடற்சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பின்புறம் தோலோடு ஒட்டும். நண்பகலுக்குள் பாடியின் கீழ்ப்பட்டை நனைந்துவிடும். கதிர்வீச்சால் கறுத்து மெலிந்த தோலில் இந்த ஈரம் தங்கினால் வேனற்கட்டியும் புண்ணும் வரும். நேரடியாகத் தோலில் வைக்காமல் பருத்திப் பைக்குள் வைத்து அணிவது, மாலையில் கழற்றியதும் மென்மையான சோப்பாலும் நல்ல தண்ணீராலும் கழுவித் துடைப்பது, தழும்பைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பது ஆகிய மூன்றையும் விடக்கூடாது. காயம் ஆறும்வரை, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், இதை அணியவே கூடாது. ரேடியேஷன் எடுத்தவர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். சேலை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஊக்கு. மாராப்பை மார்பருகே குத்தும் பழக்கம் உள்ளவர் தோளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிலிக்கானின் மேலுறையில் ஓட்டை விழுந்தால் அதன் கதை முடிந்தது.

பின்னல் மார்பகம் இதற்கு நேர்மாறு. பஞ்சடைத்த பருத்தி, இலவம்பஞ்சுத் தலையணைபோல் எடையற்றது; காற்று புகும், துவைத்துக் கொடியில் போடலாம், விலையும் குறைவு. எடை இல்லாததே அதன் குறை. கையை உயர்த்தும்போதெல்லாம் பாடி இரு பக்கமும் மேலேறிக் கழுத்தை நோக்கி வரும். அடிப்பகுதியில் கண்ணாடி மணிகளைச் சிறு துணிப்பொட்டலமாகக் கட்டி வைத்துத் தைத்த பிறகு அது அடங்கியது. வீட்டிலும், சமையலிலும், இரவு விருந்தினர் இருக்கும்போதும் இதையே அணிகிறேன். வீட்டில் யாருமில்லாத பொழுது எதையும் அணிவதில்லை. அதுவும் ஒரு தேர்வுதான், அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்தார். அவர்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்துதான் கடலில் இறங்குகிறார்கள். அந்தச் சட்டைக்குள் எதுவும் தேவையில்லை என்றே அவருக்குச் சொன்னேன். சிலிக்கான் கடல்நீரில் உடனே கெட்டுவிடாது என்றாலும் கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடிநீரே குடத்துக்கு விலையாகும் ஊரில் அது எளிதன்று. நனைந்த பின்னலோ கனத்துத் தொங்கும். பொருளைவிட அவர் கவனிக்க வேண்டியது கையைத்தான். அக்குள் கணுக்கள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில் பாறையும் சிப்பியும் கிழித்துக் கிருமி தொற்றினால் நிணநீர் தேங்கிக் கை வீங்கக்கூடும், ஒருமுறை வீங்கினால் முழுமையாக வடிவது கடினம். கையுறை இல்லாமல் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கடையில் வாங்கிய பாடியைப் பற்றி ஒரு வார்த்தை: தோள்பட்டை நாடா மெல்லியது, மாலைக்குள் தோளில் பள்ளம் பதித்துவிடும். இராமநாதபுரத்தில் எனக்கு வழக்கமாக ரவிக்கை தைக்கும் அக்காவிடம் அதை மாதிரியாகக் கொடுத்து, அகல நாடாவும் முன்பக்கக் கொக்கியும் உள்ளே மல் துணிப் பையும் வைத்துத் தைத்து வாங்கினேன். முன்கொக்கி அவசியம், அறுவைக்குப் பின் கையை முதுகுக்குக் கொண்டுபோக மாதக்கணக்காகும். கடைப் பாடியின் விலையில் பாதிகூட ஆகவில்லை, உழைப்பும் கூடுதல்.

வாங்க எண்ணுகிறவர் முதலில் பின்னல் சோடியும் தைத்த பாடியும் வைத்துக்கொண்டு ஒரு பருவம் கடத்திப் பாருங்கள். வேலைக்குச் செல்பவராகவோ விசேஷ வீடுகளுக்கு அடிக்கடி போகிறவராகவோ இருந்தால் அதன் பிறகு சிலிக்கானுக்குச் செலவிடலாம். கடையில் சிறிய அளவைக் கேளுங்கள், இரண்டையும் அணிந்து ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தும் நடந்தும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.