"கம்ப்ளிட் செட் 1,680 வெள்ளி": சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் காசு கொடுக்குமுன் படிக்கவும்

திருவிழா நேரம் பார்த்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் இரண்டு மாதத்துக்குக் கடை எடுத்து, "வீட்டு ஸ்டூடியோ, மேடை ரெண்டுக்கும் ஒரே செட்" என்று பேனர் கட்டி விற்றவரிடம் எங்கள் பஜனைக் குழு ஏமாந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, அடுத்த ஊரில் பேனர் மாறிவிடும், சாமான் மாறாது. ஆகவே சாமானைப் பற்றியே எழுதுகிறோம்.

1,680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செட்டில் இருந்தவை: எட்டு சேனல் மிக்சர் ஒன்று, "ஷூர் எஸ்எம்58" என்று பொறித்த பாட்டு மைக் இரண்டு, பிஎம்-800 என்ற ரெக்கார்டிங் மைக் ஒன்று, கம்பியில்லாத மைக் ஒரு ஜோடி, சக்கரம் வைத்த 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கேபிள் ஆறு.

கடையில் போட்டுக் காட்டும்போது எல்லாமே வேலை செய்தது. பலரும் ஏமாறுவது இங்கேதான். இந்த செட்டில் ஒரு சாமானின் குறையை இன்னொரு சாமான் மறைக்கிறது. நல்ல பொருள் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டும்வரை எதுவும் தெரியாது. மாட்டினால் எல்லாம் ஒரே நாளில் வெளிவரும்.

முதலில் மிக்சர். முகத்தில் "+48வி" என்று சிவப்பு விளக்கோடு ஒரு பித்தான். இதுதான் ஃபேண்டம் பவர். கண்டென்சர் மைக்குக்கு, அதாவது மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் மைக் வகைக்கு, கேபிள் வழியாகவே போகும் மின்சாரம். செட்டோடு வந்த பிஎம்-800 மைக்கில் பாடினால் சத்தம் வருகிறது, "பாருங்கண்ணே, 48 வோல்ட் அடிக்குது" என்று கடைக்காரர் சொல்கிறார். ஆனால் அந்த மைக்கின் பெரிய வலைக்குள் உட்கார்ந்திருப்பது சின்ன எலெக்ட்ரெட் கேப்சூல் (கேப்சூல் என்பது ஒலியைப் பிடிக்கும் பாகம்). அதற்கு 5 வோல்ட்டே போதும். மிக்சர் 48 கொடுத்தாலும் பாடும், 10 கொடுத்தாலும் பாடும். அதே மிக்சரில் ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 போன்ற ஒரு மைக்கை மாட்டினோம். அது 48 வோல்ட் கேட்கும் மைக். சத்தம் அமுங்கிப்போய், உரக்கப் பாடும் இடத்தில் கரகரவென்று உடைந்தது.

30 வெள்ளி மல்டிமீட்டர் போதும் இதைக் கண்டுபிடிக்க. டிசி வோல்ட், 200 ரேஞ்சில் வையுங்கள். மிக்சரில் மைக் மாட்டும் மூன்று துளைகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று பொடி எழுத்தில் இருக்கும். கறுப்பு முனையை 1-இல் வைத்து, சிவப்பை 2-இல், பிறகு 3-இல் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 44-க்கும் 52-க்கும் இடையில் வரவேண்டும். எங்கள் மிக்சரில் வந்தது 14.6. வோல்ட் சரியாகக் காட்டினாலும் அதோடு விடாதீர்கள். மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி அதே 1-க்கும் 2-க்கும் வைத்தால் சுமார் 7 காட்டவேண்டும். வரிசையில் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 48-ஐ அதனால் வகுத்தால் வருவது அவ்வளவுதான். ஷார்ட் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்த ரெசிஸ்டர் தடுத்துக்கொள்ளும். எங்களுடையது 2.1.

அடுத்தது யூஎஸ்பி. பேனரில் "யூஎஸ்பி ரெக்கார்டிங்" என்று கொட்டை எழுத்து. கடையில் பென்டிரைவ் செருகி ஒரு பக்திப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். பென்டிரைவில் உள்ள பாட்டை மிக்சர் பாடுவது வேறு, மைக்கில் பாடுவதைக் கணினிக்கு அனுப்புவது வேறு. வாய்க்குள் போவதும் வாயிலிருந்து வருவதும் ஒன்றா? கணினிக்குப் போகும் துளை பெரும்பாலும் சதுரமாக இருக்கும், புதியவற்றில் டைப்-சி. சில மிக்சரில் தட்டைத் துளையே கணினிக்கும் போகும், அதனால் துளையைப் பார்த்து மட்டும் முடிவு கட்டவேண்டாம். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டியதும் ஒலி அமைப்பில் 'இன்புட்' பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வரவேண்டும். வந்ததும் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பத்து விநாடி பதியுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக் பதிந்துவிட்டு உங்களை ஏமாற்றலாம், ஆகவே மிக்சரின் மைக்கை விரலால் தட்டி, அந்தத் தட்டல் பெரிய அலையாக விழுகிறதா என்று பாருங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வைத்துவிட்டு வாயை மூடுங்கள். ஆடாசிட்டியின் மீட்டர் மைனஸ் 60-க்குக் கீழே இறங்கினால் வீட்டுப் பதிவுக்குப் போதும். மைனஸ் 40-இலேயே நின்றால் பாட்டு முழுக்க மழை பெய்வதுபோல் இரைச்சல் கேட்கும்.

எங்கள் மிக்சருக்கு இன்புட் பட்டியலில் பெயரே வரவில்லை. கேட்டதற்கு, "அதுக்கு வேற கேபிள் இருக்குண்ணே, பத்து வெள்ளிதான்" என்றார். கேபிளும் வாங்கியாயிற்று. உள்ளே அதற்கான சிப்பே இல்லாதபோது கேபிள் என்ன செய்யும்?

எஸ்எம்58 விஷயத்துக்கு வருவோம். அசல் ஒன்றின் விலையே இந்த முழு செட் விலையில் கால் பங்கை ஒட்டி வரும். இரண்டு வைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். கேபிள் இல்லாத அசல் மைக் 298 கிராம். மளிகைக் கடைத் தராசில் எங்களுடையது 262 நின்றது. எடை சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை, உள்ளே இரும்புத் துண்டு ஒட்டி எடை ஏற்றிய போலிகளும் உண்டு. ஆகவே திறந்து பார்ப்பதுதான் முடிவு. வலைத் தலையை இடப்பக்கம் திருகிக் கழற்றி, கேப்சூல் இருக்கும் கழுத்தை மெதுவாகத் திருகினால் கைப்பிடி பிரியும். இழுக்காதீர்கள், உள்ளே கம்பி மயிரிழை. அசலில் மஞ்சள், பச்சை என இரண்டு கம்பிகள் கீழே போகும். கைப்பிடியின் அடியில் பசைக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். எங்களுடையதில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கம்பி நேராக அடியில் கேபிள் மாட்டும் முள்ளுக்குப் போயிருந்தது, டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. திறக்காமலே ஒரு சோதனை உண்டு. மைக்கைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலால் கைப்பிடியைத் தடவுங்கள். அசலில் கேப்சூல் காற்று மெத்தை மாதிரியான தாங்கியில் நிற்பதால் தடவும் சத்தம் மிகக் குறைவு. போலியில் சரசரவென்று ஸ்பீக்கர் முழுக்கக் கேட்கும்.

திறக்குமுன் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்களே பிரிச்சுக் கெடுத்துட்டீங்க" என்ற பதில் தயாராக இருக்கிறது.

கேபிளில் "ஓஎஃப்சி" என்று அச்சிட்டிருந்தது, அதாவது சுத்தச் செம்பு. உள்ளே செம்பு முலாம் பூசிய எஃகு. குளிர்பெட்டிக் காந்தத்தை வெட்டிய முனையில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. அது கூடப் பரவாயில்லை. ஆறில் நான்கு கேபிளில் 3-ஆம் முள்ளை 1-ஆம் முள்ளுடன் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள், உள்ளே ஒரே ஒரு கம்பியும் சுற்றுவலையும்தான். இப்படிச் செய்தால் பாட்டு மைக் பாடும். ஆனால் கேபிள் நீளும்போது பந்தல் விளக்கின் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும், ஃபேண்டமில் பாதி தரைக்குப் போய்விடும். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, கேபிளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 பாருங்கள், மூன்றும் கத்தவேண்டும். பிறகு ஒரே முனையில் 1-ஐயும் 3-ஐயும் தொடுங்கள், கத்தக்கூடாது. ஒரு கேபிளுக்கு அரை நிமிடம்.

இந்த செட்டில் எங்களை நடுத் திருவிழாவில் கவிழ்த்தது கம்பியில்லாத மைக். ஒத்திகையில் வெறும் மண்டபத்தில் அருமையாக வேலை செய்தது. கூட்டம் சேர்ந்த இரவு "சர்ர்... டக்" என்று அறுந்துகொண்டே இருந்தது. பேட்டரி மாற்றியும், ஆன்டெனாவைத் திருப்பியும் பயனில்லை. காரணம் ரிசீவரின் அடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் இருந்தது: 740–790 மெகாஹெர்ட்ஸ்.

இந்த அலைவரிசை ஒரு காலத்தில் டிவிக்கு உரியது. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு மலேசியாவில் பழைய அனலாக் டிவி ஒளிபரப்பு நின்றது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இப்போது 5ஜி பயன்படுத்துகிறது. அந்தப் பட்டையில் கைப்பேசி பேசுவது 703 முதல் 748 வரை, டவர் பேசுவது 758 முதல் 803 வரை. ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஒத்திகையில் மண்டபத்தில் ஏழு கைப்பேசி. திருவிழா இரவில் எல்லார் கையிலும் ஒன்று, பாதிப் பேர் நேரலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மைக் அறுக்காமல் என்ன செய்யும்? அலைவரிசை மாறியதால் வேறு நாடுகளில் கழித்துக்கட்டிய செட்டுகளும் இப்படி மலிவாக வருகின்றன. 694-க்கு மேலே எழுதியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கீழே இருந்தாலும் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியில்லாக் கருவிக்கு அது கட்டாயம். ரிசீவரில் ஆன்டெனா இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. திறந்தால் ஒன்றுக்கு உள்ளே கம்பியே இல்லை, அலங்காரம்.

ஸ்பீக்கரில் "1500 வாட்ஸ்" என்று எழுதியிருந்தது. எழுதியதை விட்டுவிட்டு அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 15 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 30 வாட்ஸ். சுவரிலிருந்து உள்ளே போவதே முப்பது, வெளியே ஆயிரத்து ஐந்நூறு எங்கிருந்து வரும்? உள்ளே இருந்த பேட்டரி 12 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி. 12 வோல்ட்டை பிரிட்ஜ் முறையில் (இரண்டு ஆம்ப் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் முறை) 4 ஓம் ஸ்பீக்கருக்கு முழுசாகக் கொடுத்தாலும் கிடைப்பது 18 வாட்ஸ்தான். ஒரு வாட்டில், ஒரு மீட்டரில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 18 வாட்ஸில் ஒரு மீட்டர் முன்னால் சுமார் 102. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் போகும்; 16 மீட்டரில் 78. உருமி மேளம் அடிக்கும் தோட்டத்துக் கோயில் வாசலில் அது யார் காதுக்கு எட்டும்? எட்டவில்லை என்று வால்யூமை முழுக்கத் திறப்பார்கள், ஆம்ப் உச்சியில் வெட்டுப்பட்டு, ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) முதலில் சாகும். எங்களுடையது இரண்டாம் இரவே போனது. வாங்கும்போது "ஆர்எம்எஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள், தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்ஸ் அதுதான். "பிஎம்பிஓ" என்று, அதாவது விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய கணக்கில், பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது காசு விஷயமில்லை, உயிர் விஷயம். மிக்சரின் அடாப்டர் இரண்டு முள். நம் வீடுகளில் பேனா மூடியால் எர்த் துளையைக் குத்தித் திறந்துவிட்டு இரண்டு முள்ளைத் திணிக்கிற பழக்கம் இருக்கிறது. மழை பெய்த தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுக்கும். வேறு அடாப்டர் போடுங்கள், அல்லது ஃபியூஸ் உள்ள முறையான மாற்றி போடுங்கள்.

அதே காசைப் பிரித்துச் செலவழித்திருந்தால் பதிவுக்கு பெரிஞ்சர் யூஎம்சி22 அல்லது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பாட பெரிஞ்சர் எக்ஸ்எம்8500 என்று தொடங்கியிருக்கலாம். மேடை ஸ்பீக்கரை வருஷத்தில் மூன்று இரவுக்கு வாடகைக்கு எடுப்பதே புத்தி. செட்டாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், நன்றாக வேலை செய்யும் ஒரு மைக்கையும் ஒரு கேபிளையும் வீட்டிலிருந்து கொண்டுபோய் அதில் மாட்டிப் பாருங்கள்.

ரசீதின் அடியில் "பாராங் யாங் தெலா டிஜுவால் தீடாக் போலே டிகெம்பாலிகான்" (விற்ற பொருளைத் திருப்பித் தரமுடியாது) என்று மலாயில் அச்சிட்டிருந்தது. அதைக் காட்டித்தான் திருப்பி வாங்க மறுத்தார். அந்த வரி 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தை அழித்துவிடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி பாரம் 1 (புகார்ப் படிவம்) போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும், வக்கீல் தேவையில்லை. ஆனால் பாரத்தில் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். எங்கள் ரசீதில் கைப்பேசி எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை, அந்த எண்ணும் இப்போது எடுப்பதில்லை. கடை முகவரியும் கம்பெனிப் பதிவு எண்ணும் இல்லாத ரசீதுக்குக் காசு கொடுக்காதீர்கள். பேனரையும் கடை முகப்பையும் வாங்கும் அன்றே படம் பிடித்து வையுங்கள்.

போன வாரம் கோலகங்சார் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தை) அதே மஞ்சள் அட்டைப்பெட்டி வேறு பேனருக்குக் கீழே அடுக்கியிருந்தது. விலை 1,480. ரிசீவரைத் திருப்பிப் பார்த்தோம், ஸ்டிக்கர் அதேதான்: 740–790.