கர்நாடக இசைக்கு ஒரு வீட்டு ஒலிப்பதிவறை: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

வாய்ப்பாட்டையும் மிருதங்கத்தையும் வீட்டிலேயே பதிவுசெய்ய விரும்பும் ஒருவர் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகளைத் தேடிப் படித்தால், அவற்றுள் பெரும்பாலானவை கிடாருடன் பாடுபவரையோ மேசை முன் அமர்ந்து பேசுபவரையோ மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதை விரைவில் உணர்ந்துகொள்வார். மந்திர ஸ்தாயியில் மூச்சளவுக்கு இறங்கி, சில நொடிகளில் தார ஸ்தாயியில் முழுக்குரலாக எழும் ஓர் ஆலாபனைக்கு வேண்டியவை வேறு. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தம்புராவின் சுருதியைக் கேட்டபடி பாடுபவருக்கு ஏற்படும் சிக்கல்களும் வேறு. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சிறிய அறையில் இந்தத் தேவைகளுக்காக நான் சிறுகச் சிறுகச் சேர்த்த கருவிகளையும், வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும் பற்றியது இந்த மதிப்புரை. நான் கையாண்ட அளவுகோல் ஒன்றே: இன்று வாங்கும் பொருள், நாளை அடுத்ததை வாங்கும்போது மூலைக்குப் போய்விடக் கூடாது.

ஏ.ஆர். ரகுமான் 1989-இல் தம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டியபோது, ஒலிப்பதிவுக்கு வேண்டிய இயந்திரங்களே ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் காலம் அது. அந்த இயந்திரங்களின் வேலையில் பெரும்பகுதியை இன்று ஒரு மடிக்கணினியும் கையளவுப் பெட்டி ஒன்றும் செய்துவிடுகின்றன. சுருங்காமல் அப்படியே நிற்பது அறை மட்டும்தான். ஆகவே மதிப்புரையை அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது மொசைக், சுவர்கள் வெறுஞ்சுவர்கள். கை தட்டினால் ஒலி உலோகத் தன்மையோடு சலசலத்து அடங்கும். இதற்கு மருந்தாக முட்டை அட்டைகளையும் ஓரங்குல ஃபோம் துண்டுகளையும் சுவர் முழுக்க ஒட்டுவோர் பலர். மேல்நாதங்களின் கூர்மையை அவை சற்று மழுக்குமே தவிர, குரலின் அடிப்பகுதியைத் தொடுவதில்லை. காரணம் எளியது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 2.6 மீட்டர். அத்தகைய அலையை ஓரங்குலப் பஞ்சு தடுக்காது. நான் பரிந்துரைப்பது கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகளை நான்கங்குலத் தடிமனில், தச்சரிடம் சொல்லிச் செய்த மரச் சட்டத்தில் வைத்து, காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடி, சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி நிறுத்துவது. இடையில் விடும் காற்றுவெளியும் தடிமனைப் போலவே வேலை செய்யும். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

பலகைகளை எங்கே நிறுத்துவது என்பதில் பலருக்கும் தடுமாற்றம் உண்டு. கார்டியாய்ட் வகை மைக் தன் முன்புறத்தையே கேட்கும், பின்புறத்தைப் பெரிதும் விலக்கும். மைக்கின் முன்புறத்தில் இருப்பவர் பாடகர். அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் மைக் அதே கூர்மையோடு கேட்கிறது. எனவே முதல் பலகை வைக்க வேண்டிய இடம் பாடகரின் முதுகுக்குப் பின்னால்; அதுவும் அவர் தரையில் அமர்வதால் தரைமட்டத்திலிருந்து தொடங்கி. அடுத்தவை இரு பக்கங்களிலும். பலகை செய்யும் வரை, வீட்டில் தடிமனான இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைச் சாய்த்து வைப்பது நல்ல தொடக்கம். கீழே ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரிக்கலாம். இவை எவையும் வெளிச்சத்தத்தைத் தடுக்கமாட்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் போகும் ஆட்டோவையும் பக்கத்து வீட்டுக் குக்கரையும் சாளரத்தை மூடியும் நேரம் பார்த்தும்தான் சமாளிக்க முடியும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும்.

மைக் தேர்வில் அதிகம் பேசப்படும் கருத்து, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கன்டென்சர் மைக் அறையின் எதிரொலியை வாரிக் கொள்ளும், கூருணர்வு குறைந்த டைனமிக் மைக் கொள்ளாது என்பது. இதில் உண்மை பாதிதான். டைனமிக் மைக்கை நாம் வாய்க்கு அருகில் வைத்துப் பயன்படுத்துகிறோம். வேறுபாட்டின் பெரும்பகுதி அந்தத் தூரத்தால் வருவது. முப்பது சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கைப் பதினைந்துக்குக் கொண்டுவந்தால் நேர்க்குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுகிறது, அறையின் எதிரொலியோ அதே அளவில் நிற்கிறது. எந்த வகை மைக்குக்கும் இது பொருந்தும். ஆனால் கர்நாடகப் பாடகர் வாயருகே மைக் வைத்துப் பாடுவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. நெருங்க நெருங்கக் கார்டியாய்ட் மைக்குகள் அடிநாதத்தை மிகைப்படுத்தும். கமகத்தின்போது தலை இயல்பாக அசைய, அந்த மிகையும் கூடிக் குறைந்து குரலின் நிறம் வரிக்கு வரி மாறும். முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு விலகி அமர்ந்தால் இந்த மாற்றம் பெரிதும் அடங்குகிறது. அந்தத் தூரத்துக்கு வேண்டியது நல்ல கன்டென்சர் மைக்கும், மேலே சொன்ன பலகைகளும்.

இந்த வகையில் நான் ஒப்பிட்டவை ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ரோட் நிறுவனத்தின் என்டி1 ஐந்தாம் தலைமுறை ஆகிய இரண்டும். ஏடி2020-இன் சொந்த இரைச்சல், அதாவது மைக்கின் மின்சுற்றே எழுப்பும் இரைச்சல், 20 டெசிபெல். என்டி1-இன் இரைச்சல் 4 டெசிபெல். தாளில் இது பெரிய இடைவெளி. ஆனால் நள்ளிரவில்கூட நம் குடியிருப்பு அறைகளின் அமைதி 30 டெசிபெல் அளவிலேயே நிற்பதால், இரண்டு மைக்குகளின் இரைச்சலும் அறையின் இரைச்சலுக்குள் மறைந்துபோகும். இரைச்சல் எண்ணை மட்டும் வைத்து என்டி1-ஐ வாங்கச் சொல்வது பொருத்தமன்று.

நான் அதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. 2023-இல் வெளிவந்த இந்த மைக்கில் வழக்கமான எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) இணைப்பும், கணினியில் நேரே செருகும் யூஎஸ்பி இணைப்பும் சேர்ந்தே உள்ளன. யூஎஸ்பி வழியில் அது 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவுசெய்கிறது. சாதாரணப் பதிவில் ஒலியளவை முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டும். தார ஸ்தாயியில் குரல் எதிர்பாராமல் ஓங்கினால் பதிவு உடைந்துவிடும், அதற்கு அஞ்சி அளவைக் குறைத்தால் மந்திர ஸ்தாயி இரைச்சலில் அமிழும். ஃப்ளோட் முறையில் ஓங்கிய இடத்தைப் பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம், ஒலி சிதைவதில்லை. ஆலாபனைக்கு இதைவிடப் பொருத்தமான வசதியை இந்த விலை வரம்பில் நான் காணவில்லை. அதிர்வு தாங்கியும் பாப் ஃபில்டரும் பெட்டியிலேயே வருகின்றன. தரையில் அமர்ந்து பாடும்போது தாளத்தின் அதிர்வு ஸ்டாண்ட் வழியாக மைக்குக்கு ஏறுவதைத் தாங்கி தடுக்கிறது. தொடையில் தட்டும் ஓசை காற்றின் வழியே வருவதைத் தடுக்க மடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்வதே வழி. இந்த மைக்கின் குறை, ஹெட்போன் துளை இல்லாதது. தனியாகப் பாடும் ஒருவர் இந்த மைக்கையும் ஒரு ஹெட்போனையும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கலாம்; இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கும் நாளில் இதே மைக் எக்ஸ்எல்ஆர் வழியாக அதில் சேர்ந்துகொள்ளும். கடற்காற்றின் ஈரம் கன்டென்சர் மைக்குக்கு ஆகாது; பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

அறையைச் சீர்செய்யவே வழியில்லாத வாடகை வீட்டில் இருப்பவருக்கு மட்டும் டைனமிக் மைக்கைச் சொல்வேன். இன்று படங்களிலெல்லாம் தென்படும் ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக்தான். ஆனால் அதன் வெளியீடு மிகவும் மெலிந்தது, 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் கேட்கும். இன்டர்ஃபேஸ் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் இடையில் இன்னொரு பெருக்கியையும் வாங்க நேரும். மெல்லிய குரலுக்கு அது ஏற்றதன்று.

மிருதங்கம் வந்தவுடன் கணக்கு மாறுகிறது. வலந்தலையின் (வலப்பக்கம்) மீட்டும் தொப்பியின் (இடப்பக்கம்) கும்கியும் ஒரே மைக்கில் சமமாக அமைவது அரிது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வைப்பதே முறை. இதற்கு 1965-இல் அறிமுகமாகி இன்றும் அதே உருவில் விற்கப்படும் ஷூர் எஸ்எம்57-ஐ மிஞ்சத் தேவையில்லை. ஓங்கிய அடியைத் தாங்கும். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். இரு மைக்குகளும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒரே கருவியைக் கேட்பதால், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் நாதம் மெலிந்தால், ஒன்றின் துருவத்தை மென்பொருளில் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த மைக்குக்குப் போலிகள் சந்தையில் ஏராளம். பழையது வாங்கும்போதும், சந்தேகத்துக்கிடமான மலிவு விலையில் புதியது வாங்கும்போதும், சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது பயன்தரும்: அசலின் எடை 284 கிராம்; போலிகள் பலவும் இதைவிட எடை குறைந்தவை.

பாட்டுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு என மூன்று மைக் ஆனதும் இன்டர்ஃபேஸ் தேர்வு தானாகவே குறுகிவிடுகிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறை தன்னளவில் சிறந்த பெட்டி. அதன் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) 69 டெசிபெல் வரை பெருக்குகிறது. முந்தைய தலைமுறையில் அது 56 மட்டுமே. பாடிக் காட்டினால் அளவைத் தானே அமைத்துக்கொள்ளும் ஆட்டோ கெயின் வசதியும் உண்டு. ஆனால் மைக் துளைகள் இரண்டுதான். பெயரில் நான்கு இருப்பதைப் பார்த்து 4ஐ4-ஐ வாங்குவோர் கவனிக்க வேண்டும்: அதிலும் மைக் பிரீஆம்ப் இரண்டே, மற்ற இரண்டு உள்ளீடுகள் லைன் அளவுக்கானவை, அதாவது கீபோர்டு போன்றவற்றின் ஓங்கிய வெளியீட்டுக்கு. நான்கு மைக் பிரீஆம்ப் வேண்டுமானால் சிக்கனமாகக் கிடைப்பது பெஹ்ரிங்கர் யூஎம்சி404ஹெச்டி. வயலினையும் கஞ்சிராவையும் சேர்த்து முழுக் கச்சேரியாக வளர எண்ணுபவருக்கு எட்டு பிரீஆம்ப் கொண்ட ஸ்கார்லெட் 18ஐ20.

முதலில் பாட்டு, பிறகு மிருதங்கம் எனத் தனித்தனியே பதிவுசெய்தால் இரண்டு துளையே போதுமே என்று கேட்கலாம். திரைப்பாடலுக்கு அது சரி. கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் மூச்சைப் பார்த்து வாசிக்கிறார். அவர் இடும் ஒரு மோராவைக் (மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு) கேட்டுப் பாடகர் அடுத்த சங்கதியை மாற்றுகிறார். தனித்தனியாகப் பதிந்த பதிவில் அந்த உரையாடல் இருக்காது. பணம் போதாதவர் இரண்டு துளைப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, பாட்டுக்கு ஒரு மைக்கும் மிருதங்கத்தின் முன் நடுவில் ஒரு மைக்கும் வைத்து இருவரையும் ஒன்றாக உட்காரவைப்பதே மேல்.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதைக் காட்ட 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் ஆகும்; 192-இல் அது நான்கு மடங்கு. காதுக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

ஹெட்போனைப் பொறுத்தவரை, காதை முழுதும் மூடும் வகையே வேண்டும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் இரண்டுமே நம்பத்தக்கவை. பின்னதில் கேபிளைக் கழற்றி மாற்றலாம் என்பதால் அதையே தேர்ந்தேன். நம் பாடகர்கள் தம் குரலைக் கேட்பதற்காக ஒரு பக்கத்தை விலக்கி வைத்துக்கொள்வது வழக்கம். விலகிய பக்கத்திலிருந்து தம்புரா ஒலி கசிந்து மைக்கில் ஏறிவிடும். பிறகு தம்புராவின் அளவைத் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது. மென்பொருளில் தம்புராத் தடத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, மூடிய காதுக்கு மட்டும் அனுப்பினால் இந்தத் தொல்லை தீர்கிறது.

மென்பொருளில் அதிகம் யோசிக்க வேண்டாம். ரீப்பர் 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கத் தருகிறது; தனிப் பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். கேபிள்களில் ஆடம்பரம் தேவையில்லை. நியூட்ரிக் கனெக்டர் வைத்து ஒழுங்காக ஈயப்பற்று வைத்தவை போதும், சென்னை ரிச்சி தெருவில் கனெக்டரும் வயரும் கிடைக்கும். எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் மடிக்கணினி சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு பதிவில் ரீங்காரம் வருகிறது என்று மைக்கைக் குறைசொல்வோர் உண்டு; சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டாலே காரணம் தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர்களை நான் கடைசியில் வாங்கினேன், மற்றவர்க்கும் அதையே சொல்வேன். யமஹா ஹெச்எஸ்5 தெளிவாகப் பேசும் ஸ்பீக்கர். பாட்டில் மறைந்திருக்கும் குறைகளை இரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும், பதிவறைக்கு வேண்டிய குணமும் அதுதான். ஆனால் பத்தடி அகல அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி தேங்கி நிற்கும். ஹெச்எஸ்5-இன் கீழெல்லையும் 54 ஹெர்ட்ஸ்தான். ஆகவே தொப்பியின் கனம் அமர்ந்திருக்கும் இடத்தைச் சார்ந்து கூடியும் குறைந்தும் கேட்கும். சுவரை ஒட்டி வைக்க நேர்ந்தால் பின்புறத்திலுள்ள ரூம் கன்ட்ரோல் பொத்தானை 2 அல்லது 4 டெசிபெல் இறக்கி வைக்கலாம். தொப்பியின் அளவை மட்டும் ஹெட்போனில் சரிபார்த்த பிறகே முடிவுசெய்ய வேண்டும்.