பாட்டுச் சேனலோடு இருபது வருடம்

திருப்பூர் பக்கம் பேக்கரியோ சலூனோ, டிவி இருந்தால் அதில் பாட்டுச் சேனல்தான் ஓடும் என்றிருந்த காலம் உண்டு. 2004-ல் சன் மியூசிக் வந்ததிலிருந்து நானும் அதைப் பார்த்து வருகிறேன். பாட்டுச் சேனல்களுக்கு உயிர் கொடுத்தவர்கள், இரண்டு பாட்டுக்கு நடுவே நம்மோடு பேசியவர்கள். அவர்கள் குறையக் குறையச் சேனலும் மங்கியது என்பதுதான் என் அனுபவம்.

அதற்கு முன்பே எஸ்.எஸ். மியூசிக் இருந்தது. தென்னிந்திய மொழிப் பாட்டுகளோடு இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரும். தொகுப்பாளர்கள் பேச்சிலும் ஆங்கிலம் தாராளம். கோவையில் காலேஜ் படித்த அண்ணன்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எங்கள் அம்மா ரிமோட்டை வாங்கி மாற்றிவிடுவார். ஆனால் அந்தச் சேனல் போட்டி வைத்துத் திரட்டிய எஸ்5 என்ற பாட்டுக் குழுவில் பாடியவர்தான் சினிமாப் பாடகர் பென்னி தயாள். பாட்டைப் போடுவதோடு நிற்காமல் பாடுகிறவரையும் ஒரு சேனல் கண்டுபிடித்துத் தந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சன் மியூசிக் வந்தபின் பேச்சு தமிழுக்கு மாறியது, கூடவே எங்கள் ஊரும் டிவிக்குள் போனது. போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சியை மறக்கவே முடியாது. லைன் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு ரூபாய் காயின் பாக்ஸில் பெண்கள் மாற்றி மாற்றி நம்பர் அழுத்துவார்கள். கிடைத்ததும் தொகுப்பாளர் சொல்லும் முதல் வார்த்தை, “டிவி வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க.” அப்புறம் “எங்கிருந்து பேசறீங்க?” “பல்லடத்துலருந்துங்க.” அந்த ‘ங்க’வைக் கேட்டதுமே எங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். என்ன வேலை என்று கேட்டால், “பனியன் கம்பெனில செக்கிங்ங்க” என்று பதில் வரும். அப்பா, அம்மா, அப்புச்சி, கூட வேலை செய்கிற அக்காக்கள் என்று ஒரு பெரிய பட்டியலுக்கே அந்தப் பாட்டைச் சமர்ப்பிப்பார்கள். பாட்டு எல்லோரும் கேட்டதுதான். கேட்டவர் பெயரோடு வரும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

பிறகு இசையருவி, ஜெயா மேக்ஸ் என்று வரிசையாக வந்தன. சரி, போட்டி நல்லதுதானே என்று நினைத்தோம். நாளாக ஆகப் பேச்சு சுருங்கி, இடைவிடாமல் பாட்டு ஓடும் நேரம் கூடியது. திரைக்கு அடியில் எஸ்எம்எஸ் வரிகளும் காலர் டியூன் விளம்பரமும் ஊர்ந்தன.

எங்கள் பகுதியில் சேனலைத் தள்ளிவைத்ததில் மின்வெட்டுக்கும் பங்கு உண்டு. 2012-ல் கரண்ட் போனால் எப்போது வரும் என்றே தெரியாது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைகளில் சம்பள நாளன்று கூட்டம் நிற்கும். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது தையல் மிஷினில், உட்காருகிற பையன்கள் எல்லோர் காதிலும் ஹெட்செட். கரண்ட் நிலைமை சரியான பிறகும் டிவியில் பாட்டுப் பார்க்கும் பழக்கம் திரும்பவில்லை. அதற்குள் புதுப் பாட்டும் முதலில் யூடியூபில் வரத் தொடங்கியிருந்தது. 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ அதற்கு வழி காட்டிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும், பாட்டுக்காக டிவி முன் காத்திருக்க யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் இன்னொரு சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய சேனல் நம்பர்கள் எல்லாம் மாறி, நூற்றுக்கணக்கான சேனல்களுக்குள் தேட வேண்டியதாயிற்று. அம்மாவுக்காக நம்பர்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் பாட்டுச் சேனல் உண்டு. ராத்திரி சமையலறையை ஒதுங்கவைக்கும் நேரத்தில் அம்மாவுக்குப் பழைய பாட்டு வேண்டும். முரசு டிவி அதற்கு நன்றாகவே உதவுகிறது. அடுத்து என்ன பாட்டு என்று நாம் தேட வேண்டியதில்லை, அதுவாக வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்கள் காசு கட்டும் சேனல் பேக்கிலிருந்து இதை எடுத்துவிடாதீர்கள். சேனல் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: தினம் ஒரு மணி நேரமாவது அந்த போன் லைனைத் திறங்கள். பல்லடத்திலிருந்தும் காங்கயத்திலிருந்தும் கூப்பிட இன்னும் ஆள் இருக்கிறார்கள்.