மீதி காணச் சொல்லித்தரும் கணக்கு வகுப்பு: என் மதிப்பீடு

ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறீர்கள், கணக்குதான் இழுக்கிறது என்றால், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் மாடியில் நடக்கும் சனி, ஞாயிறு வகுப்பில் தாராளமாகச் சேரலாம். கணக்குக்கு மட்டும் மாதம் 1,200 ரூபாய். வாரநாளில் மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு நேரமும் ஒத்துவருகிறது.

முக்கியமாக எண்கள் பாடத்துக்காகச் சொல்கிறேன். ரயில்வேயில் எழுத்தர், நிலைய அதிபர் போன்ற வேலைகளுக்கான என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி, அதில் 30 கணக்கு. தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். அங்கே ஒன்பது இலக்க எண்ணைக் கொடுத்து 72-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால், உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது.

வகுபடும் தன்மை விதிகள் ஆறாம் வகுப்பிலிருந்தே நமக்குத் தெரியும். இந்த சார் விதிப் பட்டியலைப் போடவே இல்லை. பலகையில் 10, 100, 1000 என்று எழுதி, "ஒவ்வொண்ணையும் ஒன்பதால வகுத்தா மீதி என்னம்மா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் 1. அப்படியென்றால் 7 எந்த இடத்தில் நின்றாலும் மீதிக்கு 7 என்றுதான் கணக்கு. இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்பதற்குக் காரணம் அதுதான். 11-க்கு வந்தால், 10 என்பது 11-ஐவிட ஒன்று குறைவு, 100 என்பது 99-ஐவிட ஒன்று கூடுதல். அதனால் ஒன்றாம் இடத்திலிருந்து பிளஸ், மைனஸ் என்று மாறி மாறிப் போட வேண்டும். விடை மைனஸில் வந்தால் 11-ஐக் கூட்டிக்கொண்டே போகலாம். 918273-க்கு மைனஸ் 18 வருகிறது; இரண்டு முறை 11 கூட்டினால் மீதி 4.

அப்புறம் 72-க்கு மீதி காண அவர் போட்ட கணக்கு இது. 72 என்பது எட்டொன்பது, அதனால் 8-க்கும் 9-க்கும் தனித்தனியாக மீதி பார்த்தால் போதும். எண் 74,82,63,917. 1000 என்பது 8-ஆல் வகுபடுவதால் கடைசி மூன்று இலக்கம் மட்டும் போதும்: 917, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5. இலக்கங்களின் கூட்டல் 47. நாலும் ஏழும் 11, ஒன்றும் ஒன்றும் 2. ஆக 9-க்கு மீதி 2. இனி 72-க்குள் பார்த்தால் போதும்: 9-ஆல் வகுத்தால் 2 மீதி வரும் எண்கள் 2, 11, 20, 29... இவற்றில் 8-க்கு மீதி 5 தருவது 29. விடை 29. பெருக்கலும் இல்லை, வகுத்தலும் ஒன்றே ஒன்றுதான். கைப்பேசியில் சரிபார்த்தேன், சரியாக வந்தது.

அதே எண்ணை மும்மூன்றாகப் பிரித்து 917 கழித்தல் 263 கூட்டல் 748 என்று போட்டால் 1402. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் 1001, 1000 அதைவிட ஒன்று குறைவு என்பதால், இந்த ஒரு 1402-ஐ வைத்தே மூன்றுக்கும் மீதி எடுத்துவிடலாம்: 7-க்கு 2, 11-க்கு 5, 13-க்கு 11. இது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பேருந்தில் போகும்போது டிக்கெட் எண்ணைக்கூட விடாமல் போட்டுப் பார்க்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டியது மையம் தரும் புத்தகத்தைத்தான். கடைசி இலக்கத்தை இரட்டிப்பாக்கி மற்றதிலிருந்து கழிக்கும் 7-இன் விதி, அதில் 'மீதி காணும் வழிகள்' என்ற தலைப்புக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. அந்த விதி எண் 7-ஆல் வகுபடுமா என்று மட்டும்தான் சொல்லும். 345-ஐ எடுங்கள்: 34-இலிருந்து 10 போனால் 24, அதன் மீதி 3. ஆனால் 345-ஐ 7-ஆல் வகுத்தால் உண்மையான மீதி 2. புத்தகத்தை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகிறவர் இந்த ஒரு வரியால் மதிப்பெண்ணை இழப்பார். சார் வகுப்பிலேயே அந்தப் பக்கத்தை அடிக்கச் சொல்லிவிட்டார். மையத்தின் அலுவலகத்தில் நானும் சொன்னேன், எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வந்த பிரதியிலும் அதே வரி அப்படியே இருக்கிறது. மாணவர்கள் காசு கொடுத்து வாங்குகிற புத்தகம், இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

மற்றபடி மின்விசிறி, குடிநீர், கழிவறை எல்லாம் பரவாயில்லை. பின்வரிசைக்குப் பலகை பளபளக்கிறது, எழுத்து தெரியாது. சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள். மாலை வகுப்பு எட்டு மணிக்கு முடிவதால், நத்தம் பக்கம் போகிற பெண்கள் காலை வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் மாற்றித்தருகிறார்கள்.

குரூப் 4 மட்டும் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு ஆழம் தேவைப்படாது. அதில் 200 கேள்வியில் திறனறிவு 25-தான், அதிலும் சதவீதம், வட்டி, வேலையும் நேரமும் போன்றவற்றுக்கே அதிகம் உழைக்க வேண்டும். அவர்கள் எண்கள் பாடம் நடக்கும் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டிச் சேரலாம், அதற்கும் விடுகிறார்கள். ரயில்வே, எஸ்.எஸ்.சி. எழுதுகிறவர்கள் முழுதாகவே சேருங்கள். சேரும்போது ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சார் பலகையில் போடுகிற கணக்கு எதுவும் அந்தப் புத்தகத்தில் கிடையாது.