எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது: தினசரி விவிலியச் சிந்தனைக்கு நான்கு வழிகள்

தினமும் இறைவார்த்தையோடு இருக்க எது நல்ல வழி என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) கேட்டால் நான்கு பதில்கள் வரும்: அன்றைய திருப்பலி வாசகம், ஓராண்டில் முழு விவிலியம், லெக்சியோ திவினா (சிறு பகுதியை மெதுவாக, செபமாக வாசிப்பது), இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய கற்பனைத் தியானம். முதல் இரண்டும் எதை வாசிப்பது என்பதற்கு விடை. மற்ற இரண்டும் எப்படி வாசிப்பது என்பதற்கு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் பொருந்தாத ஜோடியைப் பிடித்துக்கொண்டு தவக்காலம் முடிவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

திருப்பலி வாசகமா, ஓராண்டுத் திட்டமா?

திருப்பலி வாசகத்தின் பெரிய வசதி, பகுதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. நமக்குப் பிடித்த திருப்பாடலையே சுற்றிச்சுற்றி வர வழியில்லை. பிடிக்காத நற்செய்தியும் வந்து நிற்கும். பொதுக்காலத்தின் (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா காலங்கள் போக மீதி வாரங்களின்) வார நாள்களில் முதல் 9 வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. இந்த வரிசை ஆண்டுதோறும் மாறாது. முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆண்டின் எண் 3-ஆல் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு, 2025 அப்படி. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்தின் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களின்) முதல் ஞாயிறன்றே பிறந்துவிடுவதால், அன்று முதல் டிசம்பர் முடியும்வரை அடுத்த ஆண்டின் கணக்கில் சேரும்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் தொடர்பு தேடி மண்டையை உடைத்துக்கொள்வது. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது, தேடினால் கிடைக்கும். பொதுக்கால வார நாள்களில் இரண்டும் தனித்தனி ஓட்டம். அங்கே இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டால் வருவது நம் சொந்தச் சரக்கு. வார நாளில் நற்செய்தி ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். இன்னொன்று: வெளிநாட்டு ஆப் வைத்திருப்பவர்கள் இந்திய நாட்காட்டியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 3 புனித சவேரியார் நாள் இங்கே பெருவிழா. பல நாடுகளில் வெறும் நினைவு நாள், வாசகமும் வேறு.

குறை என்னவென்றால், பழைய ஏற்பாடு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தாவீதின் வரலாற்றையோ எரேமியாவையோ முழு ஓட்டத்தில் அறிய இது போதாது.

அதற்குத்தான் ஓராண்டுத் திட்டம். கத்தோலிக்க விவிலியத்தின் 73 நூல்களில் 1,300-க்கும் மேற்பட்ட அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அல்லது நான்கு. தொடக்கநூலும் விடுதலைப் பயணமும் சேர்ந்து 90 அதிகாரம் என்பதால், ஜனவரி 1-இல் வரிசையாகத் தொடங்குபவர் அம்மாதக் கடைசியில் லேவியர் நூலில் நிற்பார். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐந்து நாள் தவறினால் 18 அதிகாரக் கடன். அதை அடைக்க ஓடும்போது சிந்தனை போய்க் கணக்கு மட்டும் மிஞ்சும். முழு விவிலியமும் ஒருமுறையாவது வாசிக்கத்தான் வேண்டும், ஆனால் அதைச் செபமாக எண்ண வேண்டாம். தாளமுடியாதவர்கள் புதிய ஏற்பாட்டை எடுக்கலாம்: 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து வீதம் 52 வாரத்தில் சரியாக முடியும்.

லெக்சியோவா, இஞ்ஞாசியார் வழியா?

லெக்சியோ திவினாவை 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் குய்கோ நான்கு படிகளாக வகுத்தார்: வாசிப்பு, சிந்தனை, செபம், தியானம். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2010-இல் தம் திருத்தூது ஊக்கவுரையில் செயலையும் இதோடு சேர்த்துச் சொன்னார். வீட்டில் 20 நிமிடம் போதும். 5 முதல் 10 வசனம் எடுத்து, வாய்விட்டு மெதுவாக இருமுறை வாசிக்க வேண்டும். மனத்தில் தங்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம். பிறகு அதைப் பற்றி ஆண்டவரோடு ஐந்து நிமிடப் பேச்சு, பின் சும்மா இருத்தல். கடைசியில் அன்றைய செயல் ஒன்று.

சறுக்குவது இரண்டு இடத்தில். சிந்தனைப் படியில் விளக்கவுரையைத் திறந்தால் அது படிப்பாகிவிடும். அடிக்குறிப்பு பார்ப்பதானால் முதல் வாசிப்புக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். செயல் படியில் “இன்று அன்பாக இருப்பேன்” என்று எழுதினால் அது காற்றோடு போகும். “பேச்சு நின்றுபோன தம்பிக்கு மதியம் போன் செய்வேன்” என்றால் இரவில் நடந்ததா இல்லையா என்று பார்க்கலாம்.

இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548-இல் திருத்தந்தை ஒப்புதல் தந்தார். அங்கே ஒரு தியானம் முழு ஒரு மணி நேரம். வீட்டில் அரை மணியாவது வேண்டும். இடத்தைக் கற்பனையில் அமைத்து, வேண்டிய வரத்தைக் கேட்டு, ஆள்களைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, செய்வதைக் கவனித்து, இயேசுவோடு உரையாடி, ‘விண்ணுலகில் இருக்கிற’ செபத்தோடு முடிப்பது. அதன்பின் உட்கார்ந்தோ உலாவியோ கால் மணி நேரம் நடந்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் அருள் எது, வெறும் கிளர்ச்சி எது என்று பிரிக்கத் தெரியாது.

இதற்குக் கதையுள்ள பகுதி வேண்டும். எரிகோவில் பர்த்திமேயு (மாற்கு 10:46-52) அருமையாகப் பொருந்தும். பவுலின் உரோமையர் திருமுகத்தில் நிற்க இடமே கிடைக்காது. தூசி, கூட்டம், வெயில் என்று காட்சி அமைப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஒரே ஆளைத் தேர்ந்து, அவரோடு நின்றுகொள்வது அதற்கு மருந்து. மனக்கண்ணில் படமே வராதவர்கள் குரல்களைக் கேட்டால் போதும்.

எங்கள் தேர்வு: வார நாளில் அன்றைய நற்செய்தியோடு லெக்சியோ, நேரம் கிடைக்கும் சனிக்கிழமை மறுநாள் நற்செய்தியோடு இஞ்ஞாசியார் வழி. முழு வாசிப்பு தனி நேரத்தில், நோட்டுப் புத்தகம் இல்லாமல். தவறிய நாளை ஈடுகட்ட வேண்டாம். அன்றைய வாசகத்தைப் பிடித்தால் போதும். வாட்ஸ்அப்பில் வரும் ‘இன்றைய சிந்தனை’யை ஐந்தாம் வழியாகச் சிலர் சொல்வார்கள். அது இன்னொருவர் செய்த தியானத்தின் முடிவு. வாசகத்தைப் படித்து, சொந்தமாக ஒரு வரி எழுதிய பிறகு அதைத் திறக்கலாம்.