ஸ்கிம்மர் போட்டால் பாசி போய்விடுமா? நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் யாரிடம் போய் "பாசித் தொல்லை தாங்கவில்லை" என்றாலும், முதலில் வரும் கேள்வி "ஸ்கிம்மர் போட்டிருக்கீங்களா?" என்பதுதான். சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலும் இதே பேச்சு. நுரையைக் கிளப்பித் தண்ணீரின் அழுக்கை வழித்தெடுக்கும் கருவிதான் ஸ்கிம்மர். நான் போட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. கழற்றச் சொன்னால் இன்றைக்கும் கழற்ற மாட்டேன். ஆனால் என் தொட்டியில் பாசி குறைந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. ஸ்கிம்மர் வேறொரு வேலை பார்க்கிறது, அதை நன்றாகவே பார்க்கிறது. பாசிக்கென்று அதை வாங்கிவிட்டு, "காசு தண்டம்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் தொட்டி. நான்கு அடி, கீழே சம்ப் (கருவிகள் நிற்கும் துணைத் தொட்டி), எல்லாம் சேர்த்துச் சுமார் 350 லிட்டர் உப்பு நீர். மீனில் ஒரு ஜோடி க்ளவுன், இரண்டு கோபி, பாசி மேயும் ஒரு பிளென்னி; கூடவே க்ளீனர் இறால், நத்தைகள். பவளத்தில் ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்று மென்பவளங்கள் மட்டும்தான். கடின பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தப் பக்கமே போவதில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த லைவ் ராக் (உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) என்று யாராவது ரகசியமாகக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னுடையது செராமிக் பாறை, அராகனைட் மணல். ஸ்கிம்மர், சம்ப்புக்குள் நிற்கும் வகை, டிசி பம்ப்.

அது செய்வது எளிய வேலைதான். பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்துக் கொட்டுகிறோமே, அதேதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, பவளம் விடும் சளி இவற்றிலுள்ள புரதம், கொழுப்பு போன்ற மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரிலிருந்து விலகும். விலகுகிற முனைக்குக் காற்றுக் குமிழியின் பரப்புதான் புகலிடம். பம்பிலிருக்கும் ஊசிச் சக்கரம் காற்றைப் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ள, குமிழிகள் இந்த அழுக்கைச் சுமந்துகொண்டு கழுத்து வழியாக ஏறி மேலே இருக்கும் கப்பில் விழுகின்றன. உப்பு நீரில் குமிழிகள் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை. அதனால்தான் கடல் தொட்டியில் எடுபடுகிற இந்த வித்தை வீட்டு நன்னீர்த் தொட்டியில் எடுபடுவதில்லை.

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. பாசிக்குச் சோறு போடுவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டும் நீரில் கரைந்த அயனிகள், குமிழியில் ஒட்டாது. அழுக்கு மட்கி அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை ஸ்கிம்மர் வெளியேற்றும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரைந்து கிடப்பதை அது தொடாது. அந்த ஒரு பங்கும் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களை ஓட்டி அளந்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார். நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 30 சதவீதம்தான் வெளியேறியது. மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. "இதைவிட அது ரெண்டு மடங்கு இழுக்கும் சார்" என்று கடையில் சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி தினசரிப் பாடு. புதிதாகப் போட்டவுடன் ஒன்று நுரையே வராது, இல்லையென்றால் கட்டுக்கடங்காமல் பொங்கும். அக்ரிலிக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய், உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் படிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை திருகிக்கொண்டே இருக்காமல் விட்டுவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டிக்குள் கைவிட்டால் சில மணி நேரத்துக்கு நுரை செத்துப் படுத்துவிடும். மீனுக்குத் தீனி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை, தானாக எழும்.

சம்ப்பில் நீர்மட்டம் மாறினால் ஸ்கிம்மரின் குணமே மாறிவிடும். என்னுடையது 20 செ.மீ. ஆழத்தில் ஒழுங்காக ஓடும். இரண்டு செ.மீ. ஏறினாலும் கப்பில் வெளிறிய தண்ணீராகக் கொட்டும். சென்னை வெயிலில் நீர் ஆவியாகிற வேகத்துக்கு குறைந்த நீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாமல் ஸ்கிம்மர் வைப்பது வீண் வேலை. கரண்ட் போய் வரும்போது இன்னொரு கூத்து. மெயின் பம்ப் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சம்ப்புக்கு இறங்கியிருக்கும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்திலேயே கிளம்பினால், கப் நிரம்பி, அதுவரை சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் சம்ப்புக்கே திரும்பும். ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும்படி ஒரு டைமர் போட்ட பிறகு நிம்மதி.

கப்பைக் கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கைந்து நாளில் அடியில் கரும்பழுப்பு நீர் நிற்கும், நாற்றம் குடலைப் புரட்டும். எங்கள் வீட்டில் அதைச் சமையலறை சிங்க் பக்கம் கொண்டுபோகத் தடை. கப்பில் இருப்பதைவிட முக்கியம் கழுத்தின் உட்புறம் வளையம் வளையமாகப் படியும் பிசுக்கு. அது தடிக்கத் தடிக்க நுரை மேலே ஏறாமல் பாதியிலேயே உடைந்து கீழே போய்விடும். கப் காலியாக இருந்தாலும் கழுத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைத்துவிடுவேன். சோப்பு கூடவே கூடாது, வெந்நீரும் பழைய துணியும் போதும். சில மாதங்களில் காற்றிழுக்கும் "ஸ்ஸ்" சத்தம் மெலியும். காற்று உள்ளே நுழையும் வென்ச்சுரி வாயில் உப்புக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். குழாயைக் கழற்றி வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும். ஊசிச் சக்கரத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் கலந்து ஓரிரு மணி நேரம் ஊறவைத்தால் போதும், சுரண்டினால் ஊசி முறியும். என் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் பாகம்) ஒருமுறை தேய்ந்து கர்ரென்று சத்தம் போட்டது. உதிரிபாகம் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த மாதத்தில்தான் ஸ்கிம்மரின் உண்மையான அருமை தெரிந்தது. பாசி கூடவில்லை. ஆனால் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் நின்று வேகமாகச் செவுளை அடித்தன. சூடான உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், இரவில் பாசியும் பவளமும்கூட அதை உறிஞ்சும். நாள் முழுக்கக் காற்றையும் நீரையும் கலக்கிக்கொண்டே இருந்த கருவி நின்றதும் அது உடனே தெரிந்துவிட்டது. ஏர் பம்ப் வைத்து ஒப்பேற்றினேன். இப்போது கரண்ட் போனால், தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ் பம்போடு அந்த ஏர் பம்பும் இன்வர்ட்டரில் ஓடுகிறது. ஸ்கிம்மர் 15 வாட்தான், மாதம் சுமார் 11 யூனிட். கரண்ட் பில்லை ஏற்றுவது நீரைக் குளிர்விக்கும் சில்லர், இது இல்லை.

காற்று என்றதும் ஒரு எச்சரிக்கை. ஸ்கிம்மர் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீரில் கரைக்கிற யந்திரம். கொசுவத்தி, லிக்விட் வேப்பரைசர் பெரும்பாலானவற்றில் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. மீனுக்கும் இறாலுக்கும் அது கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் நாங்கள் கொசுவலைதான் கட்டுகிறோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அந்தப் பக்கம் வராது. ஏசி போட்டு மூடிய அறையில் நம் மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தொட்டியின் பிஎச் இறங்கும். காற்றுக் குழாயை நீட்டி, ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக வெளியே விட்டேன். 7.8-ஐத் தாண்டாமல் இருந்த பிஎச் 8.1 வரை வருகிறது. ஸ்கிம்மரால் கிடைத்த லாபங்களில் எனக்குப் பிடித்தது இது. செலவு, சில அடி சிலிக்கான் ட்யூப்.

சரி, பாசிக்கு வருவோம். எனக்கு வந்தது பச்சை முடிப்பாசி, பாறை முழுக்க விரல் நீளத்துக்கு. பாஸ்பேட் டெஸ்ட் செய்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்! இதை வைத்து "தண்ணீர் சுத்தம்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. வருகிற பாஸ்பேட்டை எல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுகொண்டிருக்கும்போது டெஸ்ட்டில் என்ன மிஞ்சும்?

பாசிக்குச் சோறு வரும் முதல் வாசல், தண்ணீர். நம் வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. எந்திரங்களில் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறது. சுவைக்காக வடிகட்டிய நீரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. போர் தண்ணீரின் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் அந்த வழியாகவே உள்ளே வரும். ஆர்.ஓ. மெம்பரேனுக்குப் பிறகு, மிஞ்சிய அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வைத்து, மீட்டரில் 0 காட்டுகிற நீரில்தான் உப்புக் கலக்கிறேன். கண்ணாடியில் விடாமல் படிந்துகொண்டிருந்த பழுப்புப் படலம் அதற்கப்புறம் நின்றுபோனது.

இரண்டாவது தீனி. உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர்) ஐஸோடு அப்படியே போடாமல், டீ வடிகட்டியில் உருகவிட்டு, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுகிறேன். அடுத்தது கை வேலை, இதற்கு மாற்று கிடையாது. தண்ணீர் மாற்றும் நாளில் சைஃபன் குழாயின் முனையில் பழைய டூத் பிரஷ்ஷைக் கட்டி, பாசியைத் தேய்க்கத் தேய்க்கக் குழாயே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்வேன். பிய்த்துத் தொட்டியிலேயே மிதக்கவிட்டால் அது இன்னொரு மூலையில் வேர்பிடிக்கும். நீளப் பாசியை டர்போ நத்தைகூட அவ்வளவாகத் தொடாது. நாம் ஒட்ட வெட்டிக் கொடுத்தால் பிளென்னியும் நத்தையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கணக்கை உண்மையில் மாற்றியது சம்ப்பில் ஒரு அறையில் போட்ட கீட்டோமார்ஃபா என்ற பச்சைக் கடற்பாசி. பாசியை விரட்டப் பாசி. மேலே விளக்கு அணைந்ததும் அதற்கு விளக்கு எரியும், அதனால் இரவில் பிஎச் அதிகம் இறங்குவதுமில்லை. கைப்பிடி அளவு போட்டது ஒரு மாதத்தில் அறையை அடைத்தது. பாதியைப் பிய்த்து எறியும்போது அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டே போகின்றன. பாறையில் முடி மெலியச் சில மாதங்கள் பிடித்தன, ஏனென்றால் அராகனைட் மணல் உறிஞ்சி வைத்திருந்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டி நிற்கிறது.

இதற்குக் கீழே இறக்க ஆசைப்பட வேண்டாம். நண்பர் ஒருவர் பெரிய ஸ்கிம்மரோடு ஜி.எஃப்.ஓ.வையும் (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) சேர்த்து ஓட்டி இரண்டையும் பூஜ்யமாக்கினார். முடிப்பாசி போனது, காலியான இடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் வந்து உட்கார்ந்தது. பழுப்பு நிறச் சளி, நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி. அதைத் தின்ற நத்தைகள் செத்தன. ஸ்கிம்மர் நேரத்தைக் குறைத்து, தீனியைக் கூட்டித்தான் அவர் மீண்டார்.

வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மீன் குறைவான தொட்டிக்கானது, அதில் முக்கால்வாசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், அழுக்குப் போதாமல் நுரையே நிற்காது. மென்பவளமும் இரண்டு மீனும் உள்ள சின்னத் தொட்டிக்கு ஸ்கிம்மர் இல்லாமலே வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம், அந்தப் பணத்தை டிஐ ரெசினில் போடுங்கள். கப் ஒரு திருகில் கழன்று வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள், வாரத்துக்கு நாலு தடவை கழற்றப் போவது நீங்கள்தான். இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, அதையும் கூடவே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.